"கீமோ சூடு" என்று டோலோ கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள்

புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றி 10-ஆம் நாள், ராத்திரி மேலு சுடும். "கீமோ சூடுதான்" என்று இளநீரும் ஒரு டோலோ 650-ம் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கமிருந்து மறுநாள் மதியம் மதுரைக்கு வந்து சேரும்போது ரத்த அழுத்தம் 80-க்குக் கீழே கிடக்கும், சிறுநீர் நின்றிருக்கும். எத்தனை தடவை சொன்னாலும் இதுவேதான் நடக்கிறது.

சில மருந்துகள் ஏற்றிய அன்றோ மறுநாளோ லேசாகக் காய்ச்சல் தரும், உண்மை. 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை வருவதை அந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களான நியூட்ரோபில்கள் 500-க்கும் கீழே இறங்கக்கூடிய நாட்கள் அவை. சளி இல்லை, புண் இல்லை, சீழ் இல்லை, அதனால் கிருமி இல்லை என்கிறீர்கள். சீழ் கட்டவே அந்த அணுக்கள்தானே வேண்டும்! பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். டோலோ அதையும் மறைத்துவிடும். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சலே காட்டாமலும் போகலாம்.

"வெளிச்சாப்பாடே கொடுக்கலையே டாக்டர்" என்று அழுகிறவர்களுக்கு: உங்கள் மேல் தப்பில்லை. பெரும்பாலும் நோயாளியின் குடலிலேயே இருந்த ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள்தான், கீமோவில் புண்ணான குடல் வழியே ரத்தத்தில் ஏறுகிறது.

தொட்டுப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தெர்மாமீட்டரை வாயில் வையுங்கள், ஆசனவாயில் வேண்டாம். ஒரே தடவை 101 வந்தாலும், 100.4 ஒரு மணி நேரம் நின்றாலும் கிளம்புங்கள். உடம்பு தூக்கிப்போடும் நடுக்கம் வந்தால் காய்ச்சலுக்குக் காத்திருக்க வேண்டாம். போர்ட்டில் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைத்த குழாயில்) ஏற்றிய கொஞ்ச நேரத்தில் நடுங்கினால் போர்ட்டிலேயே கிருமி இருக்கலாம், மறக்காமல் சொல்லுங்கள். வழியில் இடுப்பு ஊசி போடாதீர்கள், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களும் குறைந்திருக்கும், ரத்தம் கட்டிவிடும்.

ஊர்களில் பார்க்கும் மருத்துவர்களே, செஃப்ட்ரியாக்சோன் ஆன்டிபயாடிக் மட்டும் போட்டு வீட்டுக்கு அனுப்பாதீர்கள், சூடோமோனாஸ் கிருமி அதற்கு அடங்காது. ரத்தத்தில் கிருமியைத் தேடும் பிளட் கல்ச்சர் இரண்டு இடத்தில் எடுங்கள், போர்ட் இருந்தால் ஒன்று அதிலிருந்து. பெரியவர்களுக்குப் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. 2 மில்லி எடுத்தால் கிருமி அகப்படாமலே போகும். அணு எண்ணிக்கை வரட்டும் என்று உட்காராமல், வந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக், பிப்பராசிலின்-டாசோபாக்டம் 4.5 கிராமோ செஃபிபைம் 2 கிராமோ நரம்பில் ஏறியிருக்க வேண்டும். அழுத்தம் விழுந்திருந்தால் மெரோபெனம் 1 கிராம். சிறுநீரகம் சரியில்லை என்று முதல் டோஸைக் குறைக்காதீர்கள்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். கடைசி கீமோ தேதி, கடைசி ரத்த ரிப்போர்ட், தெர்மாமீட்டர் மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கதவுப் பக்கம் மாட்டிவையுங்கள். கடைசி பஸ் போய்விட்டால் விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதல் வார்த்தையாக, "கீமோ ஏற்றி இத்தனை நாள், காய்ச்சல்" என்று சொல்லுங்கள்.