மூக்குக்குள் உருவாகும் மருந்து வாயு

மன்னார்குடி பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "தூற்றுற மெஷின் பக்கத்துல வாயால மூச்சு வாங்குனா சாயங்காலம் தொண்டை கட்டிக்குது, மூக்கால வாங்குனா அவ்வளவா இல்ல. ரெண்டும் ஒரே காத்துதானே அண்ணே?"

வெளியே இருக்கிற வரைக்கும் ஒரே காற்றுதான். மூக்குக்குள் நுழைந்ததும் மாறிவிடுகிறது. தூசி வடிகட்டும் கதை பள்ளிக்கூடத்திலேயே படித்தது: மூக்கு முடி, சளிப்படலம், அந்தச் சளியை நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அடித்துத் தள்ளும் நுண்ணிழைகள். நெல் சுணை, பதர்த் தூசி என்று 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களில் பெரும்பகுதி இங்கேயே மாட்டி, சளியோடு தொண்டைக்கு வந்து வயிற்றுக்குள் போய்விடும். மார்கழிப் பனிக்காற்று கூட மூக்கைத் தாண்டுவதற்குள் சூடாகி ஈரமாகிவிடும். வாய் இதையெல்லாம் இந்த அளவுக்குச் செய்யாது, அதனால்தான் தொண்டை காய்கிறது.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். நெற்றியிலும் கன்ன எலும்புக்குள்ளும் சைனஸ் என்ற வெற்றறைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் சுவர்ச் செல்கள் ஓயாமல் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. வாகனப் புகையிலும் இருக்கிற அதே வாயுதான், ஆனால் மிகச் சிறிய அளவில் இது இரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரிக்கும். அதைக் கண்டறிந்ததற்குத்தான் 1998-இல் மருத்துவ நோபல் பரிசு. மூக்கால் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் இதில் கொஞ்சத்தை நுரையீரலுக்குக் கொண்டுபோகிறது. நுரையீரலில் எல்லாப் பகுதிக்கும் காற்று ஒரே அளவில் போவதில்லை. காற்றோடு கலந்து வருவதால் இந்த வாயு காற்று போகிற பகுதிக்கு மட்டுமே போகும், அங்கே மட்டுமே குழாய்கள் விரியும், இரத்தமும் அங்கே கூடுதலாகப் பாயும். நடவு முடிந்த வயலுக்கு மடையைத் திறந்துவிட்டு, தரிசாகக் கிடக்கும் வயலுக்கு அடைத்து வைப்பது மாதிரி, தண்ணீர் வீணாகாமல் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்கிறது. வாயால் இழுத்த காற்றில் இந்த வாயு மிகக் குறைவு.

இன்னொன்றும் உண்டு. வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகும்போது மூக்கிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு, சும்மா மூச்சு விடுவதைவிட சுமார் 15 மடங்கு கூடுகிறது என்று ஸ்வீடனில் வைட்ஸ்பெர்க்கும் லுண்ட்பெர்க்கும் 2002-இல் அளந்து காட்டினார்கள். ஒலி அதிர்வில் சைனஸ் அறைக் காற்று குறுகிய துளை வழியாக வெளியே தள்ளப்படுவதுதான் காரணம். இதை வைத்து முனகினால் சர்க்கரை தீரும், பிரஷர் தீரும் என்று சொல்லுகிறவர்களை நம்பாதீர்கள், அது வெளியே விடும் மூச்சில் அளந்த கணக்கு.

அதேபோல, வலது மூக்கில் மூச்சு ஓடினால்தான் கிளம்ப வேண்டும் என்று எங்கள் பக்கம் பெரியவர்கள் காத்திருப்பார்கள். ஒரு பக்கச் சவ்வு வீங்க மறுபக்கம் சுருங்க, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுவது பலருக்கும் உள்ள உடலியக்கம். நடக்கப் போகிற காரியத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிறவரை அதற்காக நிறுத்தி வைக்காதீர்கள்.

தம்பிக்கு மறுபடி: மூட்டை சுமந்து ஓடும்போது வாய் தானாகத் திறக்கும். சும்மா இருக்கையில் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்று போதும், கடும் உழைப்பில் 40 லிட்டரையும் தாண்டும், அந்த அளவுக்கு மூக்குப் பாதை அகலமில்லை. அதனால் தன்னைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். ஆனால் மிக நுண்ணிய தூசி மூக்கையும் தாண்டிவிடும், தலையில் கட்டும் துண்டும் அதைத் தடுக்காது. என்-95 மாஸ்க் வேண்டும். அதைக் கூலியிலிருந்து வாங்கச் சொல்வது நியாயமில்லை, நிலையத்திலேயே கொடுக்க வேண்டும். இந்தத் தொழிலாளர்களின் நுரையீரலை வருடா வருடம் அளந்து பார்க்க அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. அப்புறம், தூங்கும்போது வாயில் டேப் ஒட்டும் வீடியோக்களைப் பார்த்துச் செய்துவிடாதீர்கள். குறட்டையும் மூச்சுத் திணறலும் இருப்பவருக்கு அது ஆபத்து. எப்போதும் மூக்கடைப்பு என்றால் முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.