மூன்றாம் குரோமோசோமின் குட்டைக் கை

சிறுநீரகக் கட்டியை அறுவை செய்து எடுத்ததும் அதை மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் கண்ணில் படுவது உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் வெளிறிய செல்கள். உண்மையில் அவற்றில் கொழுப்பும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையும் நிறைந்திருந்தன. சீவல் தயாரிக்கும் ரசாயனங்களில் அவை கரைந்துபோய்விட்டன. இதைத்தான் தெளிசெல் புற்றுநோய் என்கிறார்கள். சிறுநீரகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று இந்த வகை.

வீட்டார் கேட்பது ஒன்றுதான்: "திரும்ப வருமா, டாக்டர்?"

பதிலைத் தேட மூன்றாம் குரோமோசோமுக்குப் போக வேண்டும். நம் செல்களில் அது இரண்டு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இடுக்கின் இருபுறமும் இரு கைகள், ஒன்று நீளம், ஒன்று குட்டை. இந்தப் புற்றுநோயில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட கட்டிகளில் ஒன்றின் குட்டைக் கை தொலைந்திருக்கிறது. அந்தக் கையில்தான் வி.ஹெச்.எல். என்ற மரபணு இருக்கிறது. மூச்சுக்காற்று போதுமான அளவு இருக்கும்போது, 'ஹிஃப்' என்ற புரதத்தை அழிக்கச் சொல்லி அடையாளம் குத்துவது அதன் வேலை. மிச்சமிருக்கும் ஒற்றைப் பிரதியும் கெட்டுவிட்டால் ஹிஃப் குவிகிறது. ஆக்ஸிஜன் தாராளமாக இருந்தும் மூச்சுத் திணறுவதாக நம்பும் செல், புதிய ரத்தக் குழாய்களை வரவழைக்கிறது. செல்கள் ஆக்ஸிஜனை உணரும் இந்த வழியைக் கண்டறிந்ததற்காக கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, வி.ஹெச்.எல். கெட்டிருப்பதை வைத்து நோயின் போக்கைச் சொல்லலாமா? முடியாது. ஊரில் எல்லா வீட்டுக் கூரையும் பறந்த பிறகு, எந்த வீடு இடியும் என்று கூரையை வைத்துச் சொல்ல முடியாதல்லவா? எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமாகப் படுவது இதுதான்: நோயைத் தொடங்கி வைப்பது ஒன்று, அதன் போக்கைத் தீர்மானிப்பது வேறொன்று. பல நோயாளிகளுக்கு அந்தக் குட்டைக் கை சிறுவயதிலோ பதின்வயதிலோ தொலைந்திருக்கலாம் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கட்டி தெரியவந்ததோ பல பத்தாண்டுகள் கழித்து.

போக்கைத் தீர்மானிக்கும் மரபணுக்களில் சிலவும் அதே கையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கை தொலைந்தபோது அவற்றின் ஒரு பிரதியும் கூடவே போய்விட்டது. அடுத்து எது கெடுகிறது என்பதில்தான் பாதை பிரிகிறது. சுமார் 40 சதவீதக் கட்டிகளில் கெடுவது பி.பி.ஆர்.எம்-1, இவை ஒப்பீட்டளவில் நிதானமாகப் போகின்றன. 10 முதல் 15 சதவீதத்தில் பாப்-1 கெடுகிறது, இவை வேகமானவை. ஒரே கட்டியில் இரண்டும் கெட்டிருப்பது அபூர்வம். அப்புறம் ஒன்பதாம் குரோமோசோமின் குட்டைக் கையும் போனால், செல் பெருக்கத்துக்கான ஒரு தடுப்பு போய்விடுகிறது. நோய் பரவும் ஆபத்து கூடுகிறது.

இந்த வேகம் கண்ணுக்கும் தெரியும். செல்லின் உட்கருவுக்குள் நியூக்ளியோலஸ் என்ற புள்ளி உண்டு. புரதம் கட்டும் ரைபோசோம்கள் அங்கே உருவாகின்றன. அவசரமாகப் பெருகும் செல்லில் அது பருத்துவிடும். அதைப் பார்த்துத்தான் கட்டியின் தீவிரத்துக்கு கிரேடு என்ற எண் போடுகிறார்கள். 400 மடங்கு பெருக்கியும் சரியாகத் தெரியாவிட்டால் கிரேடு 1. அதில் தெளிவாகத் தெரிந்தால் 2. 100 மடங்கிலேயே தெளிவாகத் தெரிந்தால் 3. பாப்-1 கெட்ட கட்டிகள் பெரும்பாலும் உயர் கிரேடில்தான் வருகின்றன.

ஒரே கட்டியின் இரு மூலைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். அதனால் கட்டியின் பல இடங்களிலிருந்து துண்டு எடுப்பார்கள். எந்த இடம் மிக மோசமோ, அதை வைத்தே கிரேடு போடுவார்கள்.

எல்லாவற்றிலும் மோசமான கிரேடு 4இல் சில நேரம் செல்கள் நூல் நூற்கும் கதிர்போல் நீண்டு 'சார்கோமட்டாய்டு' வடிவம் எடுக்கும். ஒரு காலத்தில் அறிக்கையில் இந்தச் சொல் இருந்தால் மருத்துவர்களே கலங்குவார்கள். இன்றும் அது கடுமையான நோய்தான். ஆனால் நோயெதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டும் மருந்துகளுக்கு இந்தக் கட்டிகள் மற்றவற்றைவிட நன்றாகவே கட்டுப்படுகின்றன. அறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்த்தால், இம்யூனோதெரபி எனும் இந்தச் சிகிச்சை பற்றி மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.