பில்லில் ‘கிரீன் அமேதிஸ்ட்’ என்றிருந்தால்: பச்சைக் குவார்ட்ஸ் கற்களின் பெயர்களுக்குப் பின்னால் இருப்பது

மரகதம் என்று நம்பிப் பரிசோதனைக்குக் கொண்டுவரப்படும் பச்சைக் கற்கள் சில குவார்ட்ஸாக முடிகின்றன. ஜேட் என்று வாங்கிய வளையலுக்கும் அப்படி ஆவதுண்டு. குவார்ட்ஸாக இருப்பது கல்லுக்கு இழுக்கு இல்லை. ஸ்படிக மாலையில் இருக்கும் அதே சிலிக்கா அது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோஸ் அளவில் கடினம் 7 என்பதால் தினமும் அணிந்தாலும் தாங்கும். சிக்கல் பெயரில்தான் இருக்கிறது. பச்சைக் குவார்ட்ஸுக்குக் கடைகளில் புழங்கும் பெயர்களில் பல, கல் எது என்பதையோ அதன் பச்சை எங்கிருந்து வந்தது என்பதையோ மறைத்துவிடுகின்றன. வாங்குபவர் ஏமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் ‘கிரீன் அமேதிஸ்ட்’. அமேதிஸ்ட், அதாவது செவ்வந்திக்கல், என்றாலே ஊதா நிறக் குவார்ட்ஸ் என்றுதான் பொருள். ஊதா போய்விட்டால் அந்தப் பெயரும் போய்விட வேண்டும். அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2018-இல் திருத்தி வெளியிட்ட நகை வழிகாட்டுதலில், தவறான வகைப்பெயருக்கு எடுத்துக்காட்டாக இதையே சொல்லியிருக்கிறது. சரியான பெயர் பிரசியோலைட். கண்ணாடி போலத் தெளிவான, பட்டை தீட்டக்கூடிய வெளிர் பச்சைக் குவார்ட்ஸ் இது.

இயற்கையிலேயே பச்சையாகக் கிடைக்கும் பிரசியோலைட் அரிது. போலந்தின் கீழ் சிலேசியாப் பகுதி அதற்குப் பேர்போனது. சந்தையில் இருப்பது பெரும்பாலும் உலையில் பிறந்த பச்சை. சாதாரணமாகச் செவ்வந்திக்கல்லைச் சூடாக்கினால் அது மஞ்சளாகி சிட்ரின் ஆகும். பிரேசிலின் மினாஸ் ஜெரைஸ் மாநிலத்திலுள்ள மோன்டெசூமா சுரங்கத்தின் கல்லோ, ஏறத்தாழ 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும்போது பச்சையாகிறது. கல்லுக்குள் இருக்கும் இரும்பு ஃபெரஸ் நிலைக்கு மாறுவதே காரணம். இந்த நிறம் ஓரளவு நிலையானது. 1950-களிலிருந்து வணிகத்தில் இருக்கிறது.

இதே தோற்றத்தில் இன்னொரு கல் உண்டு. எச்சரிக்கை தேவைப்படுவது அதற்குத்தான். பிரேசிலின் ரியோ கிராண்டே டோ சுல் பகுதியிலும் உருகுவேயிலும் எரிமலைப் பாறைக் குழிகளில் விளையும், நீர்க்கூறு மிகுந்த குவார்ட்ஸை கோபால்ட்-60 காமாக் கதிருக்கு உட்படுத்திப் பச்சையாக்குகிறார்கள். இங்கே நிறத்துக்கும் இரும்புக்கும் தொடர்பில்லை. கல்லின் படிகக் கட்டமைப்பில் கதிர் உண்டாக்கிய குறைதான் பச்சையாகத் தெரிகிறது. அந்தக் குறை சரியானால் பச்சையும் போய்விடும். 150 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் வெளுக்கத் தொடங்கும், நாள்பட்ட வெயிலிலும் வெளுக்கும். காமாக் கதிர் கல்லைக் கதிரியக்கப் பொருளாக மாற்றிவிடாது. ஆகவே அணிவதில் ஆபத்து இல்லை. இழப்பு நிறத்துக்கு மட்டுமே.

இந்த இரண்டையும் வெறுங்கண்ணால் பிரிக்க முடியாது. ஒளிவிலகல் எண்ணை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரும் உதவாது, இரண்டுமே 1.544–1.553 என்றுதான் காட்டும். கல்லை அதன் வழியாகப் பார்க்கும் நிற வடிகட்டியான செல்சி ஃபில்டர் ஒரு துப்பு கொடுக்கும். சூடாக்கிய பிரசியோலைட்டில் இரும்பு சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் ஃபில்டர் வழியாகவும் அது பச்சையாகவே இருக்கும். கதிரூட்டியது சிவப்பு ஒளியை வெளியே விடுவதால் செந்நிறச் சாயல் காட்டும். வெளிர் நிறக் கல்லில் இந்த வேறுபாடு மங்கலாகத் தெரியும் என்பதால் இதை மட்டும் நம்பி அறிக்கை எழுதக் கூடாது. ஸ்பெக்ட்ரோமீட்டர் உள்ள ஆய்வுக்கூடத்தில் நிறமாலையைப் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். ஒரே லாட்டில் நிறையக் கற்கள் வாங்கும் நகைக்கடைக்காரருக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒரு கல்லின் பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழும் சன்னலோரத்தில் சில வாரங்கள் வைத்துப் பாருங்கள். திறந்த பாதி வெளுத்தால், அந்த லாட்டை வாடிக்கையாளருக்கு விற்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பட்டறையில் இருப்பவர்களுக்கும் ஒன்று. கல்லைப் பிடிக்கும் உலோக நகத்தைச் சரிசெய்யவோ மோதிரத்தை அளவு மாற்றவோ பற்றவைக்கும்போது கல்லைக் கழற்றிவிடுங்கள். கதிரூட்டிய கல் நிறமிழக்கும். மற்ற குவார்ட்ஸும் தப்பாது. 573 டிகிரியில் குவார்ட்ஸின் உட்கட்டமைப்பு திடீரென மாறுவதால் விரிசல் விழும். வெள்ளிப் பற்றாசு உருகும் சூடு அதற்கும் மேலே.

அடுத்தது ‘கிரீன் ஓனிக்ஸ்’. புதனுக்கு மரகதம் சொல்லப்பட்டு, விலை கட்டுப்படியாகாதபோது உபரத்தினமாகக் கடைகளில் கொடுக்கப்படும் கல் இது. முறையான பொருளில் ஓனிக்ஸ் என்பது இணைகோடுகளாக அடுக்கடுக்கான பட்டைகள் கொண்ட கால்செடனி, அதாவது மிக நுண்ணிய படிகங்களாலான குவார்ட்ஸ். மோதிரத்தில் வரும் கிரீன் ஓனிக்ஸில் பெரும்பாலும் பட்டையே இருக்காது. சாம்பல் நிறக் கால்செடனியைக் குரோமிய உப்புக் கரைசலில் நாள்கணக்கில் ஊறவைத்துச் சூடாக்கினால், கல்லின் நுண்துளைகளில் குரோமியம் ஆக்சைடு தங்கிப் பச்சை ஏறும். ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் நகரத்துக் கல் தொழிலாளர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே கைதேர்ந்த முறை இது. இந்தச் சாயம் நிலைத்து நிற்கும், அணிய ஏற்றது. பெயரோடு ‘சாயமேற்றியது’ என்ற சொல்லும் பில்லில் இருந்தால் எந்தக் குறையும் இல்லை.

அதே பெயரில் வேறொரு பொருளும் விற்கிறது. பாகிஸ்தானிலிருந்து வரும் பச்சைக் கிண்ணங்களும் விளக்குத் தூண்களும் ‘ஓனிக்ஸ் மார்பிள்’. அவை குவார்ட்ஸே இல்லை, சுண்ணாம்பு வகையைச் சேர்ந்த கால்சைட். கடினம் 3. எஃகுக் கத்தி கீறிவிடும், எலுமிச்சைச் சாறு பட்டாலே மெருகு போய்விடும். இந்த இரண்டையும் ஒன்றென நினைத்து மோதிரக் கல்லைப் பராமரிப்பது போலக் கிண்ணத்தைப் பராமரித்துக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

இங்கே செல்சி ஃபில்டரைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். ‘ஃபில்டரில் சிவப்பாகத் தெரிந்தால் மரகதம்’ என்று சில கடைகளில் வாடிக்கையாளர் கண்ணெதிரே காட்டுகிறார்கள். ஃபில்டர் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது குரோமியத்தைத்தான், மரகதத்தை அல்ல. குரோமியச் சாயம் ஏற்றிய கால்செடனியும் செம்மையாகத் தெரியும், குரோமிய மைக்கா செதில்கள் கலந்த குவார்ட்ஸான அவென்சுரினும் அப்படியே. மறுபக்கம், இரும்பு மிகுந்த ஜாம்பியா மரகதம் பச்சையாகவே நிற்கலாம். மரகதத்தை உறுதிசெய்வது ஒளிவிலகல் எண். அதற்கு ஏறத்தாழ 1.57–1.58, கால்செடனிக்கு 1.54-ஐ ஒட்டி. ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் ஒரு துளி திரவம் விட்டுக் கல்லை வைத்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

சாயமில்லாத பச்சைக் கால்செடனிகளில் மதிப்பு மிக்கது கிரிசோபிரேஸ். நிக்கலால் வரும் ஆப்பிள் பச்சை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலுள்ள மார்ல்பரோ, போலந்தின் ஷ்க்லாரி, டான்சானியாவின் ஹனெட்டி ஆகியவை பெயர்பெற்ற இடங்கள். ஃபில்டரில் நிக்கல் பச்சை மாறாது. குரோமியச் சாயம் ஏற்றியதை அதிலிருந்து பிரிக்க ஃபில்டர் உண்மையிலேயே பயன்படும் இடம் இதுதான். ஆனால் ஜிம்பாப்வேயின் ‘மடொரோலைட்’ கால்செடனியில் குரோமியம் இயற்கையாகவே இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. கிரிசோபிரேஸின் நிறம் கடும் வெயிலிலும் சூட்டிலும் ஈரம் வற்றி வெளுக்கும். காட்சிப் பெட்டியில் சூடான விளக்கின் அடியில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள்.

பிரேஸ், கிரிசோபிரேஸ், பிரசியோலைட் என்ற மூன்று பெயர்களுக்கும் வேர் ஒன்றே. கிரேக்கத்தில் ‘பிராசோன்’ என்றால் லீக்ஸ். இலங்கைச் சந்தைகளில் கட்டுக்கட்டாக விற்கும் அந்தக் கீரையின் தாள் நிறம். பெயர் ஒன்றுபோல் ஒலிப்பதால் கல்லும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. பிரேஸ் என்பது ஆக்டினோலைட் போன்ற பச்சைக் கனிம ஊசிகள் உள்ளே நிறைந்த, ஒளிபுகாத குவார்ட்ஸ். ரத்தக்கல் எனப்படும் ஹீலியோட்ரோப், கரும்பச்சைக் கால்செடனியில் சிவப்பு இரும்பு ஆக்சைடுப் புள்ளிகள் விழுந்தது. மாஸ் அகேட்டில் பச்சையாகத் தெரிவது கல்லின் நிறமல்ல, பாசி போலப் படர்ந்த கனிமம்.

ஜேட் விஷயத்துக்கு வருவோம். ‘இந்தியன் ஜேட்’ என்பது அவென்சுரின், ‘மலேசியன் ஜேட்’ சாயமேற்றிய குவார்ட்சைட் (குவார்ட்ஸ் மணிகள் இறுகிய பாறை), ‘ஆஸ்திரேலியன் ஜேட்’ கிரிசோபிரேஸ். மூன்றிலும் ஜேட் இல்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் என்ற லென்ஸில் பார்த்தால் அவென்சுரினில் ஃபுக்சைட் எனப்படும் குரோமிய மைக்கா செதில்கள் மின்னும். சாயக் குவார்ட்சைட்டில் மணிகளுக்கு இடைப்பட்ட கோடுகளில் பச்சை வலை போலத் தேங்கி நிற்கும். அசிட்டோன் நனைத்த பஞ்சால் மறைவான இடத்தில் தேய்த்தால் சில சாயங்கள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டவில்லை என்பதால் சாயமில்லை என்று முடிவுகட்டிவிட முடியாது, குரோமிய உப்பால் ஏறிய பச்சை பஞ்சில் வராது.

நகையில் பதிக்காத கல் என்றால் தராசே போதும். 12.00 கேரட் கல்லை நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு எடை பாருங்கள். 7.47 காட்டினால் வித்தியாசம் 4.53. 12-ஐ அதனால் வகுத்தால் 2.65, குவார்ட்ஸ். உண்மையான ஜேட் வகைகளில் ஒன்றான ஜேடைட்டாக இருந்தால் நீரில் 8.41 காட்டி, அடர்த்தி 3.34 வரும். கல்லில் ஒட்டும் காற்றுக் குமிழைத் தூரிகையால் தட்டிவிடாவிட்டால் கணக்கு பிசகும். மரகதத்தின் அடர்த்தி 2.72 அளவில் இருப்பதால், சிறு கல்லில் மரகதத்தையும் குவார்ட்ஸையும் இந்த முறையில் பிரிக்க முயல வேண்டாம்.

ஆய்வுக்கூட அறிக்கையைப் படிப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. மேல்வரியில் ‘நேச்சுரல் கால்செடனி’ என்று இருக்கும். அந்த ‘நேச்சுரல்’ கல் பூமியில் விளைந்தது என்பதை மட்டும் சொல்கிறது, நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சாயம், வெப்பம், கதிர் பற்றிய விவரம் குறிப்புகள் பகுதியில், சிறிய எழுத்தில் இருக்கும். பில்லில் மூன்று சொற்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள். இனம், வகை, நிறத்துக்கான பதப்படுத்தல். ‘குவார்ட்ஸ், பிரசியோலைட், வெப்பமூட்டியது’ என்றோ, ‘கால்செடனி, பச்சைச் சாயமேற்றியது’ என்றோ இருந்தால் போதும். அதை எழுதித்தரத் தயங்கும் கடையில், கல் எவ்வளவு அழகாக இருந்தாலும், மரகத விலையோ ஜேட் விலையோ கொடுக்காதீர்கள்.