பழைய வீட்டுச் சுவருக்குச் சிமெண்ட் பூசும் முன்பு

நாகர்கோவிலின் புறநகரில் உள்ள பழைய வீடொன்றில் சுவர் ஓதம் தலைக்கு மேல் ஏறிவிட்டதென்று என்னை அழைத்திருந்தார்கள். முன்புறம் உருண்டைத் தூண்களும் வளைவுகளும் கொண்ட வெள்ளைக்காரர் காலத்து வராந்தா, அதை ஒட்டித் திண்ணை, உள்ளே நடுமுற்றத்தைச் சுற்றிச் சாய்ந்திறங்கும் ஓட்டுக்கூரை, அறைகளுக்கிடையே அயினி மரப் பலகைத் தடுப்பு. முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த நம் குமரி மாவட்டத்தில் இந்தக் கலவை இயல்பானது. மரவேலையில் பத்மநாபபுரம் அரண்மனையை எழுப்பிய தச்சு மரபு தெரியும். கூரையிலுள்ள பட்டை ஓடோ, 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவச் சபை ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு பரவியது.

ஓதத்தைத் தடுப்பதற்காகச் சில ஆண்டுகளுக்கு முன் இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். கேடு அங்கேதான் தொடங்கியது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட பழைய சுவர் தரையிலிருந்து உறிஞ்சும் ஈரத்தைத் தன் மேற்பரப்பு வழியே காற்றில் விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைப்பதால், ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே மேலேறி, உப்பைக் கக்கி, கடைசியில் சுவருக்குள் செருகிய உத்தரத்தின் முனையைச் சென்றடைகிறது. வெளியே வழவழப்பாகத் தெரிந்த உத்தரத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினேன். இரண்டு அங்குலம் இறங்கியது. வீட்டுக்காரரை நான் குறை சொல்லவில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதே இன்று பெரும்பாடு.

இரண்டு பாணிகள் சந்திக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். வராந்தாவின் தட்டை மாடியும் ஓட்டுக்கூரையும் சேரும் மூலையில் மழைநீரை வடிக்கும் தகரப் பாத்தி சருகால் அடைத்துக்கொண்டால், தண்ணீர் நேராகச் சுவருக்குள் இறங்கும். ஆனி ஆடிச் சாரல், ஐப்பசி கார்த்திகை மழை என இரு பருவமழையையும் வாங்கும் ஊர் நமது; ஆகவே ஆண்டுக்கு இருமுறையாவது அந்தப் பாத்தியைத் துப்புரவு செய்யுங்கள்.

அந்த வீட்டில் சிமெண்ட்டைக் கொத்தியெடுத்து, சுவரை ஒரு கோடைக்காலம் முழுவதும் காயவிட்டோம். பிறகு ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிப் புளித்த நீரில் குழைத்து, மெல்லிய பூச்சுகளாகப் பூசினோம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லத்தான் இறுகும், அவசரப்பட்டால் வெடிக்கும். உத்தரத்தின் அழுகிய முனையை மட்டும் வெட்டி, முதிர்ந்த அயினிக் கட்டையை இணைத்து, இம்முறை காற்று புக அதைச் சுற்றி விரற்கடை இடைவெளி விட்டே சுவரைக் கட்டினோம்.