சாஃப்ட் சிக்னலில் மென்மை எங்கே இருக்கிறது?

ஓவல் மைதானத்தில், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில், 2023 ஜூன் 10 அன்று இந்திய பேட்ஸ்மேன் ஷுப்மன் கில் அவுட்டான பந்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: “மென்மையான சமிக்ஞை இருந்திருந்தால் கில் தப்பியிருப்பார்.” சாஃப்ட் சிக்னல் என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் தமிழில் ‘மென்மையான சமிக்ஞை’ ஆக்கியிருக்கிறார்கள். அந்த வரியில் இரண்டு பிழைகள். ஒன்று கிரிக்கெட் பிழை, மற்றது தமிழ்ப் பிழை. இரண்டாவதுதான் முதலாவதைப் பெற்றுப்போட்டது என்பது என் கட்சி.

முதலில் பொருள். கேட்ச் தரையில் படாமல் பிடிபட்டதா, மட்டையில் பட்ட பந்து தரையில் குத்திவிட்டுப் போய் கையில் விழுந்ததா என்று கள நடுவர்களுக்குச் சந்தேகம் வந்தால், டிவியில் ரீப்ளே பார்க்கும் மூன்றாம் நடுவரிடம் கேட்பார்கள். 2023 மே மாதம் வரை இருந்த முறைப்படி, இரு கள நடுவர்களும் முதலில் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். பிறகு பந்துவீச்சு முனையில் நிற்பவர் இரு கைகளாலும் டிவி பெட்டி வரைந்து காட்டுவார். அதையடுத்து கைகளை நெஞ்சோடு ஒட்டி, நெஞ்சுயரத்தில் வைத்து அவுட் என்றோ நாட் அவுட் என்றோ காட்டுவார். இந்த இரண்டாவது சைகைதான் சாஃப்ட் சிக்னல். ரீப்ளேயில் தெளிவு கிடைத்தால் மூன்றாம் நடுவர் சொல்வதே முடிவு. படம் இரண்டு பக்கமும் சொல்லாமல் மழுப்பினால் மட்டும் கள நடுவர் முதலில் காட்டியது நிற்கும்.

சொல்லின் பிறப்பு நீளமான கதையில்லை. சிக்னல், ‘அடையாளம்’ என்று பொருள்படும் லத்தீன் சிக்னத்திலிருந்து வந்தது. சாஃப்ட் பழைய ஆங்கிலச் சொல்; இதம், சாந்தம் என்பது அதன் ஆதிப் பொருள். பிற்காலத்தில் ‘இன்னும் இறுகாத, உறுதிப்படாத’ என்ற பொருளும் அதில் ஒட்டிக்கொண்டது. கடையை விளம்பரமில்லாமல் திறந்து பார்ப்பதை சாஃப்ட் லாஞ்ச் என்கிறார்களே, அந்த சாஃப்ட்தான் இது.

மொழிபெயர்த்தவர் பிடித்துக்கொண்டது பழைய இதத்தை. அங்கேதான் கோளாறு. தமிழில் மென்மை என்றால் பூ, பஞ்சு, குரல், குணம். “நடுவர் மென்மையான சமிக்ஞை கொடுத்தார்” என்று கேட்கிறவருக்கு, நடுவர் கொஞ்சம் இரக்கத்தோடு, பேட்ஸ்மேன் மனம் நோகாமல் ஏதோ செய்தார் என்றுதான் படும். அந்த இரக்கம் கில்லுக்குக் கிடைக்கவில்லையே என்று அங்கலாய்ப்பதும் இதனால்தான். ஆனால் சாஃப்ட் சிக்னல் பேட்ஸ்மேனுக்குச் சலுகை அல்ல. அது அவுட் என்றும் இருக்கலாம், நாட் அவுட் என்றும் இருக்கலாம். ஆஸ்திரேலியாவின் போலண்ட் வீசிய பந்தை, கல்லியில் (ஸ்லிப்புக்கு அடுத்த இடம்) நின்ற கிரீன் ஒரு கையால் பிடித்ததைப் பார்த்த கள நடுவர்கள் அவுட் என்று காட்டியிருந்தால் கில் எப்படித் தப்புவார்? அவர்கள் நாட் அவுட் காட்டியிருந்தாலும் மூன்றாம் நடுவர் ரிச்சர்ட் கெட்டில்பரோ பந்துக்கு அடியில் விரல்கள் தெளிவாகத் தெரிகின்றன என்று முடிவுசெய்தால், அந்தச் சைகைக்கு மதிப்பே கிடையாது.

அதே கெட்டில்பரோ ஐந்து மாதம் முன்பு, 2023 ஜனவரியில், சிட்னி டெஸ்டிலும் மூன்றாம் நடுவராக இருந்தார். தென்னாப்பிரிக்காவின் மார்கோ யான்சன் பந்தில் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் லபுஷேன் கொடுத்த கேட்சை சைமன் ஹார்மர் ஸ்லிப்பில் (விக்கெட் கீப்பருக்குப் பக்கத்து இடம்) தாழ்வாகப் பிடித்தார். கள நடுவர் காட்டியது அவுட். பந்து தரையில் பட்டதாக முடிவெடுத்து கெட்டில்பரோ அதை மாற்றினார். 70 ரன்னில் லபுஷேன் பிழைத்தார். ஆக, சிக்னல் இருந்த இடத்தில் அவர் அதற்குக் கட்டுப்படவில்லை, சிக்னல் இல்லாத இடத்தில் அவர் தடுமாறவுமில்லை. ‘மென்மை’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை ஒருவருக்கு விளக்கிப் பாருங்கள்.

‘மென்சமிக்ஞை’ என்று ஒட்டி எழுதுகிறவர்கள் ‘மென்பொருள்’ இருக்கிறதே என்பார்கள். மென்பொருள் நிலைத்ததற்குக் காரணம் அதற்கு வன்பொருள் என்று ஒரு ஜோடி உண்டு. ஒன்றைச் சொன்னால் மற்றது எதிரே நின்று பொருளைக் காட்டும். வல்லினம், மெல்லினம் போல. வன்சமிக்ஞை என்று ஒன்று கிரிக்கெட்டில் உண்டா? கிடையாது. ஜோடியில்லாத மென் வெறும் அலங்காரம்.

அவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்கக் கூடாது. சைகையே அடக்கமானதுதான். வழக்கமான அவுட்டுக்கு விரல் தலைக்கு மேல் போகும். இதற்கு நெஞ்சைத் தாண்டாது. ஆனால் கை உயரத்தை வைத்துப் பெயர் சூட்டினால் ‘தாழ்கை’ என்றுதான் சூட்ட வேண்டும்!

இன்னொரு தொல்லை, கிரிக்கெட்டில் சாஃப்ட் மூன்று இடங்களில் மூன்று பொருளில் வருகிறது. சாஃப்ட் ஹேண்ட்ஸ் என்றால் மட்டைப் பிடியைத் தளர்த்தி, விளிம்பில் பட்ட பந்து ஸ்லிப்புக்கு முன்னாலேயே விழும்படி ஆடுவது. அது தளர்ந்த பிடி. சாஃப்ட் டிஸ்மிஸல் என்றால் பந்துவீச்சாளர் பாடுபடாமலே விக்கெட்டைத் தானம் கொடுப்பது. மூன்றையும் ‘மென்மையான’ என்று ஒரே வாளியில் ஊற்றுகிறவர் ஆட்டத்தைப் பார்த்து மொழிபெயர்க்கவில்லை, அகராதியின் முதல் வரியைப் பார்த்து மொழிபெயர்க்கிறார்.

சரி, மாற்று என்ன? ‘முன்முடிவு’ என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தமிழில் முன்முடிவு என்றால் பார்க்காமலே மனதில் கட்டிவைத்த எண்ணம். நடுவர்மேல் அதைச் சுமத்துவது வசை. ‘களத் தீர்ப்பு’ பரவாயில்லை, ஆனால் எல்பிடபிள்யூவில் (ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் மறித்தால் வரும் அவுட்) கள நடுவர் விரலை உயர்த்திச் சொல்வதும் களத் தீர்ப்புதான், வேறுபாடு மறைந்துவிடும்.

நான் சொல்வது ‘உத்தேச முடிவு’. டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதிய எவருக்கும் இதற்கு உரை தேவையில்லை: முதலில் உத்தேச விடை, பிறகு ஆட்சேபம், கடைசியில் இறுதி விடை. தக்க ஆதாரம் வந்தால் மாறும், வராவிட்டால் அப்படியே நிற்கும் என்ற இரண்டும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. உத்தேசம் வடசொல் என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். சமிக்ஞை மட்டும் எங்கிருந்து வந்ததாம்? தூய தமிழ்தான் வேண்டுமென்றால் ‘குத்துமதிப்பு முடிவு’ என்று சொல்லலாம். பல நேரங்களில் உண்மைக்கும் அதுதான் கிட்டே.

ஏனென்றால் பந்துவீச்சு முனை நடுவருக்கும் எதிர் ஸ்டம்புக்கும் இடையே 22 கெஜத்துக்கும் கூடுதல். வேகப்பந்துக்கு ஸ்லிப் அதற்கும் பின்னால் பல கெஜம் தள்ளி நிற்கும். எல்லைக் கோட்டருகே பிடித்த கேட்ச் என்றால் தூரம் இன்னும் இரட்டிப்பு. அங்கே புல்லுக்கும் பந்துக்கும் நடுவே விரல் இருந்ததா என்பதை எந்தக் கண் சொல்லும்? கேமராவும் யோக்கியமில்லை. தொலைவிலிருந்து இழுத்துப் பிடிக்கும் லென்ஸ் ஆழத்தைத் தட்டையாக்கிவிடும்; பந்துக்கு முன்னால் நிற்கும் புல் பந்துக்கு அடியில் இருப்பதுபோலத் தெரியும். சுத்தமாகப் பிடித்த கேட்சும் பெரிதாக்கிய படத்தில் தரை தொட்டதுபோல இருக்கும். இந்தச் சங்கடத்தில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளத்தான் உத்தேச முடிவு வைத்தார்கள்.

2023 மே மாதம் சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசி அதைக் கைவிட்டது. ஜூன் 1 முதல் கிடையாது. பரிந்துரைத்த ஆடவர் கிரிக்கெட் குழுவின் தலைவர் சௌரவ் கங்குலி. 2008 சிட்னி டெஸ்டில் பிரெட் லீ பந்தில் கிளார்க் பிடித்த கேட்சுக்கு, நடுவர் மார்க் பென்சன் ஆஸ்திரேலியக் கேப்டன் பான்டிங்கைக் கேட்டு அவுட் கொடுத்தாரே, அப்படி அவுட்டான அதே கங்குலிதான். பிடித்தவரின் வாக்கை ஏற்கலாம் என்று இரு கேப்டன்களும் தொடருக்கு முன்பே பேசி வைத்திருந்தார்கள். அன்று உத்தேசம்கூட இல்லை, எதிரணியின் உத்தரவாதம்தான்.

இதே கையோடு ‘நடுவரின் அழைப்பு’ என்பதையும் தூக்கிப் போடலாம். அம்பயர்ஸ் கால். நடுவர் யாரை அழைக்கிறார், கல்யாணத்துக்கா? இங்கே கால் என்றால் தீர்மானித்துச் சொல்வது. எல்பிடபிள்யூ ரிவியூவில், அதாவது ஓர் அணி மறுபார்வை கேட்கும்போது, பந்தின் பாதிக்கும் குறைவான பகுதிதான் ஸ்டம்பில் படும் என்று கணினிப் பாதை காட்டினால் கள நடுவர் சொன்னதே நிற்கும்; ரிவியூவும் கைவிட்டுப் போகாது. ‘நடுவர் முடிவே நிற்கும்’ என்றால் முடிந்தது. தரை தொட்டதா என்ற கேட்ச் வழக்கில் இதற்கு வேலையே இல்லை. ஆனால் வர்ணனையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள்.

பழைய ஆட்டங்களைப் பற்றி எழுதும்போது இப்படி எழுதலாம்: “கள நடுவர்களின் உத்தேச முடிவு அவுட். ரீப்ளேயில் தெளிவில்லை. அதனால் அவுட் நின்றது.” 2023 ஜூன் முதல் நடந்த ஆட்டம் என்றால் முதல் வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.