எபிக் ஆய்வு நிதி: சதவீதம் இடத்துக்கு உண்டு, ஆளுக்கு இல்லை

கலிபோர்னியாவில் பிஜி அண்ட் ஈ, சதர்ன் கலிபோர்னியா எடிசன், சான் டியாகோ கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் என்ற மூன்று தனியார் மின் நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள், கரண்ட் பில்லோடு சேர்த்தே ஆராய்ச்சிக்கும் காசு கட்டுகிறார்கள். அந்த நிதிக்கு எபிக் (Electric Program Investment Charge) என்று பெயர். 2018 முதல் 2020 வரை ஆண்டுக்குச் சுமார் 18.5 கோடி டாலர் இதற்கு அனுமதிக்கப்பட்டது. அதில் 80 சதவீதத்தை மாநில எரிசக்தி ஆணையம் மானியமாகத் தருகிறது. மீதி 20 சதவீதத்தை மின் நிறுவனங்களே செலவிடுகின்றன.

சரி, இந்தப் பணத்தில் பெண்கள், சிறுபான்மையினர், படைப்பணியில் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்கள், பால்புதுமையினர் நடத்தும் நிறுவனங்களுக்கு எவ்வளவு பங்கு? நம் ஊர் இட ஒதுக்கீட்டுக் கண்ணோடு பார்த்தால் ஏதோ ஒரு சதவீதம் இருக்கும் என்றுதான் தோன்றும். ஆணையம் தரும் மானியத்தில் அப்படி எதுவும் கிடையாது.

காரணம், 1996-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 209-ஆம் முன்மொழிவு. இனம், பாலினம் பார்த்து அரசு ஒப்பந்தங்களில் முன்னுரிமை தருவதை அது தடுத்துவிட்டது. அதனால் 2015-இல் வந்த ஏபி 865 சட்டம் வேறு வழியில் போனது. என்ன மானியம் வருகிறது, எங்கே பயிலரங்கு நடக்கிறது என்ற தகவலை இந்த நிறுவனங்களிடம் ஆணையமே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்கிறது அது. விண்ணப்பத்துக்கு மதிப்பெண் போடும் விதி எல்லோருக்கும் ஒன்றுதான். செய்தி காதுக்கு வந்துவிட்டால் மானியமும் கைக்கு வந்துவிடுமா என்று கேட்டால், என்னைப் பொறுத்தவரை இது பாதிக் கிணறுதான்.

இடத்துக்கு என்றால் மட்டும் சதவீதம் வருகிறது. களத்தில் சோதித்துக் காட்டும் திட்டங்களுக்கான பணத்தில் குறைந்தது 25 சதவீதம் பின்தங்கிய பகுதிகளிலும், கூடுதலாக 10 சதவீதம் குறைந்த வருமானப் பகுதிகளிலும் செலவாக வேண்டும் என்று 2017-இன் ஏபி 523 சட்டம் சொன்னது. ஆனால் சோதிக்கும் பேட்டரி அந்தப் பகுதித் தெருவில் நிற்கும் என்பதற்காக, அதைப் பொருத்தும் கம்பெனியும் அந்தத் தெருக்காரருடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

மின் நிறுவனங்கள் தனியார் என்பதால் அவற்றின் கொள்முதலுக்கு விதி வேறு. மின் நிறுவனங்களைக் கண்காணிக்கும் மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையம் போட்ட, 1988-இலிருந்து இருக்கும் பொது ஆணை 156, சிறுபான்மையினருக்கு 15, பெண்களுக்கு 5, ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களுக்கு 1.5 சதவீதம் என்று இலக்கு வைத்திருக்கிறது. பால்புதுமையினர் பின்னால் சேர்க்கப்பட்டார்கள். எட்டாவிட்டால் அபராதம் இல்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் கணக்கு காட்டியாக வேண்டும். அந்த எண்கள் வெளியே வருவதால் நிறுவனங்கள் கொஞ்சம் கூச்சப்படத்தான் செய்கின்றன.

இந்தக் கணக்கில் சேரச் சான்றிதழ் வேண்டும். படைவீரர்களுக்கு மாநிலப் பொதுச் சேவைத் துறை தருகிறது. மற்றவர்களுக்கு சப்ளையர் கிளியரிங் ஹவுஸ், கட்டணம் இல்லை. குறைந்தது 51 சதவீத உரிமை இருந்தால் மட்டும் போதாது, அன்றாட நிர்வாகமும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். மனைவி பெயரில் பங்கை எழுதிவைத்துவிட்டுக் கணவர் கல்லாவில் உட்கார்ந்தால் செல்லாது.

எரிசக்தி ஆணையத்தின் மானியத்துக்கு இந்தச் சான்றிதழால் மதிப்பெண் அதிகமாகாது. அங்கே சிறிய நிறுவனத்துக்கு நடைமுறையில் திறக்கும் கதவு துணை ஒப்பந்தம்தான், அதாவது மானியம் வாங்கியவரிடமிருந்து ஒரு பகுதி வேலையை எடுத்துச் செய்வது. ஒவ்வொரு மானிய அறிவிப்புக்கும் முன்விண்ணப்பக் கூட்டம் நடக்கும்; பல்கலைக்கழகங்களும் பெரிய ஆய்வகங்களும் அங்கே கூட்டாளி தேடி வருவார்கள். ஆணையத்தின் உதவியோடு நடக்கும் ‘எம்பவர் இன்னோவேஷன்’ தளமும் இதே வேலைக்குத்தான். அப்புறம், களச் சோதனை நடக்கும் இடம் அந்த மூன்று நிறுவனங்களின் எல்லைக்குள் வருகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் தன் மின்துறையைத் தானே நடத்துவதால் அதில் சேராது.