கார் ஒர்க்‌ஷாப் சுவரில் மாட்டியிருக்கும் அந்தச் சான்றிதழ் என்ன சொல்கிறது?

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கினால் 36. சமவெளியில் ஒரு மாதத்துக்குப் பிடிக்கிற பிரேக்கை இங்கே ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடுவோம். அதனால் நம் ஊரில் "நல்ல மெக்கானிக் யாரு?" என்ற கேள்விக்கு வேறு எங்கேயும் இல்லாத கனம் உண்டு.

சில வருடங்களுக்கு முன்பு பர்லியாறு தாண்டி இறங்கும்போது பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. செகண்ட் கியருக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்து, எப்படியோ ஓரம் கட்டினேன். அதற்கு இரண்டு நாள் முன்புதான் வண்டியை ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டு எடுத்திருந்தேன். "பிரேக் ஆயில் குறைஞ்சிருந்துச்சு சார், ஊத்திட்டேன்" என்றார் அங்கிருந்தவர். ஏன் குறைந்தது என்று அவரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பிரேக் ஆயில் சும்மா குறையாது. பிரேக் பேட் தேய்ந்திருக்கும், இல்லை எங்கேயாவது கசியும். அது காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 3 ரக பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரிதான். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால் ஆயில் சூடேறிக் கொதிக்கும், குழாயில் ஆவி சேரும். பெடல் அந்த ஆவியை அமுக்குமே தவிர பிரேக்கை அழுத்தாது. பழைய ஆயிலின் மேல் புதிதை ஊற்றினால் இது தீராது. முறையாகத் தொழில் கற்றவர் குறைந்ததை நிரப்புவதற்கு முன்னால் ஏன் குறைந்தது என்று தேடுவார். சான்றிதழைப் பற்றிப் பேசுவதே இதற்காகத்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கார் மெக்கானிக்காக வேலை செய்யச் சான்றிதழ் கட்டாயம் என்று நம் நாட்டில் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. ஒர்க்‌ஷாப் சுவரில் மாட்டியிருப்பது பெரும்பாலும் நகராட்சியோ பேரூராட்சியோ தந்த தொழில் உரிமம், அல்லது ஜிஎஸ்டி பதிவு. இரண்டும் கடைக்கானவை. ஸ்பேனர் பிடிக்கும் கைக்கு என்ன தெரியும் என்பதை அவை சொல்லாது. நிறையப் பேர் இதைத்தான் குழப்பிக்கொள்கிறார்கள்.

கைக்கான சான்றிதழ் வேறு. ஐடிஐ எனும் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு 2 ஆண்டுப் படிப்பு, டீசல் மெக்கானிக் 1 ஆண்டு. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சேரலாம். முடிவில் அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதி, செய்முறையும் செய்து தேறினால் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். நம் நீலகிரி மாவட்டத்தில் குன்னூரிலும் கூடலூரிலும் அரசு ஐடிஐ இருக்கிறது. எந்த ஆண்டு எந்தப் பிரிவில் இடம் இருக்கிறது என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஒர்க்‌ஷாப்பிலேயே தொழில் பழகுநராகச் சேர்ந்து கற்பவர்களுக்கு 1961ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் தனிச் சான்றிதழ் இருக்கிறது. கார் கம்பெனிகள் தங்கள் சர்வீஸ் சென்டர் ஆட்களுக்குத் தரும் பயிற்சிச் சான்றிதழ் மூன்றாவது வகை. அந்தக் கம்பெனி வண்டிக்கு அது நல்லது, எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

சரி, பன்னிரண்டு வயதில் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினைப் பிரித்துப் போடுகிற அண்ணன்களுக்கு என்ன வழி? நம் மலையில் பாதிப் பேர் அப்படித்தான் கற்றவர்கள், அவர்களில் சிலரிடம்தான் நானே வண்டியைக் கொடுக்கிறேன். அவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 2015இல் தொடங்கிய பிரதமரின் கௌசல் விகாஸ் யோஜனா என்ற திறன் பயிற்சித் திட்டத்தில் இருக்கும் முன்கற்றல் அங்கீகாரம். ஏற்கெனவே தொழில் தெரிந்தவருக்குச் சுருக்கமான பயிற்சி தந்து, சோதித்து, தேறினால் சான்றிதழ் தருவார்கள். கட்டணம் இல்லை. இன்னொன்று, ஐடிஐயில் படிக்காமலே தனித்தேர்வராகத் தொழிற்தேர்வு எழுதுவது. இதற்கு அந்தத் தொழிலில் சில ஆண்டு அனுபவத்தைக் காட்ட வேண்டும். விவரங்களுக்கு அரசு ஐடிஐயில் அல்லது மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் விசாரிக்கலாம். உங்கள் மெக்கானிக் அண்ணனுக்கு இது தெரியாமல் இருக்கலாம், சொல்லிவையுங்கள்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் சங்கடம். "சர்டிபிகேட் காட்டுங்க" என்றால் யாருக்கும் முகம் சுருங்கும். நான் "அண்ணா, தொழில் எங்க கத்துக்கிட்டீங்க?" என்று ஆரம்பிப்பேன். படித்தவர் தானாகவே ஐடிஐ பெயரையும் வருடத்தையும் சொல்லிவிடுவார். அப்புறம், என் வண்டியைத் தொடப்போவது அவரா, அவரிடம் வேலை கற்கும் பையனா என்பதையும் கேட்பேன். முதலாளியின் சான்றிதழ் பையன் கைக்கு வராது. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆரஞ்சு நிற ஒயரில் ஓடுவது உயர் மின்னழுத்தம், அந்த வண்டிக்கான பயிற்சி இல்லாதவர் அதைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து.

வேலை கெட்டுப்போனால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு செய்த பழுதுபார்ப்பில் குறை இருந்தால் அது சேவைக் குறைபாடு. முறையான ரசீது தர மறுப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது அந்தச் சட்டம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். தீராவிட்டால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வண்டியை மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ விட்டிருந்தாலும், நீங்கள் கூடலூரில் குடியிருந்தால் ஊட்டியிலேயே வழக்குப் போடலாம். முன்பு இருந்த சட்டத்தில் இந்த வசதி இல்லை.

ஆனால் ரசீது கையில் இல்லையென்றால் வழக்கு நொண்டும். என் பிரேக் விஷயத்தில் நான் எங்கேயும் போகாததற்கு அதுதான் காரணம், துண்டுச் சீட்டு கூட வாங்கியிருக்கவில்லை. இப்போது "பிரேக் வேலை" என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் வாங்குவதில்லை. எந்தச் சக்கரத்தில் பேட் மாற்றினார்கள், என்ன ஆயில், எத்தனை மில்லி, என்ன விலை என்று எழுதச் சொல்கிறேன். கழற்றிய பழைய பேடையும் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்கிறேன். வீட்டில் திட்டு விழுகிறது.